மேடிபள்ளி ஜெயசீலியின் கேஸ் ஷீட்

சித்தூர்
4-1-1980

எர்னஸ்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். உறையின் மேலிருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். பயப்படாதே, யாரும் சாகவில்லை. புது வருஷ ஆராதனையில் இரண்டு பேர் உன்னை விசாரித்தார்கள். நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவைத்தேன். தெரிந்தா சொன்னேன்?

விஷயத்துக்கு வருகிறேன். என் கழுத்தில் ஒரு கழலை வந்திருக்கிறது. இரண்டு வருஷமாக சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்து சமாளித்தேன். பிள்ளைகள் டீச்சருக்குக் குளிர் என்று நினைத்துக்கொண்டன. இப்போது சோறு இறங்கமாட்டேன் என்கிறது. இங்கே ஆஸ்பத்திரியில் காட்டினேன். அறுத்து எடுத்துவிட வேண்டும், விட்டால் மூச்சுக்குழாயை அழுத்தும் என்கிறார் பெரிய டாக்டர். நானும் சரி என்றேன்.

ஆனால் மயக்கமருந்து கொடுக்கிற டாக்டர் இருக்கிறாரே, அவர் பிடி கொடுக்கவில்லை. முன்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்டார். இருபது வருஷத்துக்கு முன்னால் குடல்வால் எடுத்ததைச் சொன்னேன். மயக்கம் எப்படித் தெளிந்தது என்றார். அதையும் சொன்னேன். உனக்கு அப்போது பதினைந்து வயது, ஞாபகம் இருக்கும். ஆபரேஷன் முடிந்த பிறகும் எனக்கு மூச்சு வரவில்லை. சாயங்காலம் வரை ஆள் மாற்றி ஆள் நின்று ரப்பர் பையை அமுக்கினார்கள். அம்மா வாசலில் முழங்காலிலேயே கிடந்தாள்.

கேட்டுவிட்டு டாக்டர் பேனாவை மூடினார். "எந்த மருந்தால அப்பிடி ஆச்சுன்னு தெரியாம நான் உங்கள மயக்கத்துல போட மாட்டேம்மா. பழைய பேப்பரக் கொண்டாங்க" என்றார். பேப்பர் வந்தால் ஆபரேஷன், வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

நைனாவின் தகரப் பெட்டி உன்னிடம் இருக்கிறது. அதில் தேடி, என் ஆஸ்பத்திரிக் காகிதம் எது இருந்தாலும் அனுப்பு. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

ஜெயசீலி


திருச்சானூர்
13-1-1980

அன்புள்ள அக்கா,

என் கல்யாணத்தோடு பேச்சை நிறுத்தினாய். ஒன்பது வருஷம் கழித்து வரும் முதல் கடிதத்தில் என் பெண்ணின் பெயர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். சுகிர்தா. ஏழு வயது. கோயில், சர்ச் இரண்டு பக்கமும் சண்டை வராத பெயராகத் தேடி வைத்தோம். நான் இன்னும் எலக்ட்ரிசிட்டி போர்டில் மீட்டர் ரீடர்தான். வீடுவீடாகப் போய் நாய்க்கடி வாங்குகிற உத்தியோகம்.

உண்மையைச் சொன்னால் பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். யசோதாதான் விடவில்லை. "கோவத்தயெல்லாம் அவங்க கழுத்து நல்லானப்புறம் வெச்சிக்கலாம். மொதல்ல பொட்டிய எறக்கு" என்றாள். நீ வேண்டாம் என்று சொன்ன புத்தூர்ப் பெண்தான் பரணில் ஏறிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள் என்பதைத் தெரிந்துகொள்.

பெட்டியில் நைனாவின் பிரசங்கக் குறிப்புகள், அறுப்பின் பண்டிகை நோட்டீஸ்கள், அம்மாவின் கண்ணாடிச் சீட்டு, செத்துப்போன நம் பசுமாட்டுக்கு வாங்கிய மருந்தின் ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. உனக்கு என்று இருப்பது பெரிய பழுப்பு உறையில் ஒரு எக்ஸ்ரே மட்டும். 'ஜெயசீலி, நெஞ்சு' என்று நைனா எழுதியிருக்கிறார். ஆபரேஷன் காகிதம் ஒன்றுகூட இல்லை. வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்த்துவைத்த மனுஷர்.

உனக்குச் சோறு இறங்கவில்லை என்று படித்ததிலிருந்து எனக்கும் சரியாக இறங்கவில்லை. சுகிர்தாவுக்கும் டான்சில் வீங்கி மாதம் ஒரு தடவை காய்ச்சல். தொண்டை நம் குடும்பத்துக்கு ஆகிவரவில்லை போலிருக்கிறது.

எர்னஸ்ட்


சித்தூர்
22-1-1980

அன்புள்ள எர்னஸ்ட்,

சுகிர்தா நல்ல பெயர்.

கல்யாணத்தைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. எழுதினால் சண்டை வரும். சண்டை போடத் தொண்டை வேண்டும்.

எக்ஸ்ரேயை மடக்காமல், ஈரம் படாமல் வைத்திரு. டாக்டர் பழைய நெஞ்சுப் படம் இருந்தால் நல்லது என்றார். நம்பிக்கையான ஆள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு. பஸ் கண்டக்டரிடம் கொடுக்காதே.

ஆபரேஷன் காகிதம் நைனாவிடம் இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் இருக்கும். திருப்பதிக்கு வெளியே இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரி இன்னும் நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். பழைய கேஸ் ஷீட்டுகளை அங்கே தூர எறியமாட்டார்கள் என்று இங்குள்ள நர்ஸ் சொல்கிறாள். நோயாளியே கேட்டால் பார்க்கவிடுவார்களாம். என் சார்பில் நீ கேட்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார். நானே வந்துவிடுவேன், ஆனால் மாடிப்படி ஏறினாலே இரைக்கிறது.

சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் வீட்டில் கிடந்த சீட்டுகளை எல்லாம் தேடி எடுத்தேன். டைபாய்டு வந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனை அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது. பிரஷர் மாத்திரைச் சீட்டு பாமாலைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் வருஷ வாரியாக அடுக்கி, ஓட்டை போட்டு, நாடா கட்டி ஒரு ஃபைலாக்கிவிட்டேன். நாற்பது பிள்ளைகளின் மார்க்கை ஒழுங்காக வைத்திருந்தவள் என் உடம்பின் கணக்கைத் தூள் டப்பாவோடும் துணியோடும் போட்டுவைத்திருக்கிறேன். முதல் பக்கம் மட்டும் காலி. அது அந்த ஆபரேஷனுக்கு.

அக்கா


திருச்சானூர்
19-2-1980

அன்புள்ள அக்கா,

முதலில் கெட்ட செய்தி. அதற்கும் முன்னால் அதைவிடக் கெட்ட செய்தி.

போன சனிக்கிழமை சூரிய கிரகணம் அல்லவா. யசோதா வீட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாள். நான் ஏசு வீட்டுப் பிள்ளை, எனக்கென்ன பயம் என்று மொட்டைமாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டு நாகையா, "எக்ஸ்ரே பிலிம்ல பாத்தா கண்ணு கெடாதுப்பா, இருந்தா எடு" என்றார். இருந்தது. தெருவில் எல்லோரும் பார்க்க வேண்டுமே என்று நாலாக வெட்டினோம். உன் நெஞ்சு வழியாகத் திருச்சானூரில் பத்து வீட்டார் கிரகணம் பார்த்தார்கள், அக்கா. வெட்டும்போது அது உன்னுடையது என்று தோன்றவே இல்லை. இறங்கிவந்து உறையில் நைனா எழுத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. யசோதா மூன்று நாளாக எனக்குத் தட்டை நகர்த்தி வைக்கிறாள், பேச்சு இல்லை.

அடுத்தது. நேற்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்கட்டில் ஓர் அறை முழுக்கப் பழைய கேஸ் ஷீட்டுகள். கிருஷ்ணம்மா என்று ஒரு அம்மா பார்த்துக்கொள்கிறார். உன் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, 1960 கட்டுகளை இறக்கித் தேடினார். ஜெயசீலி இல்லை. நைனா பெயரில் ஆர்தர் என்று பார்த்தோம், இல்லை. "சார், இங்க அன்னீ இண்டி பேருலதான் கட்டி வெச்சிருக்குது. மீ இண்டி பேரு செப்பண்டி" என்றார். தெலுங்குக்காரர்கள் பெயருக்கு முன்னால் போடுகிற வீட்டுப் பெயரைக் கேட்கிறார். தமிழாளுங்களுக்கு அது ஏதம்மா என்றேன். "அது லேகுண்டா, அது இல்லாம நான் எங்க தேடறது?" என்று கட்டுகளைத் திரும்ப ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். அதுவரை பேசாத யசோதா அடுப்படியிலிருந்தே கேட்டாள். "எங்க தாத்தாவ தாலுக்கா ஆபீசுல கேட்டப்போ ஊர் பேரச் சொல்லிட்டு வந்தாரு. உங்க நைனாவயும் கேக்காமலா உட்டிருப்பாங்க? அவரு இன்னா சொன்னாரு?"

எனக்குத் தெரியாது. நான் அன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே மாமரத்தடியில் இருந்தேன். உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

திட்டி எழுது. ஆனால் எழுது.

எர்னஸ்ட்


சித்தூர்
26-2-1980

எர்னஸ்ட்,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன். முதலில் வந்த ஆத்திரத்தில் கிழித்துப் போட இருந்தேன். பிறகு என் நெஞ்சை நாலாக வெட்டிப் பத்து வீட்டார் பார்த்தார்கள் என்ற வரியில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல் வருகிறது. தலைமையாசிரியை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். போகட்டும், நெஞ்சைப் புதிதாகப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் காகிதம்தான் அவருக்குக் கட்டாயம். கோடை தாண்டித் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார். இப்போது கஞ்சிதான் குடிக்கிறேன். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, எர்னஸ்ட். இதை எழுத வேறு ஆள் இல்லை.

யசோதா கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஞாபகம் வந்துவிட்டது.

அன்று பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். உபதேசியார் குடும்பம் என்பதால் போதகர் நாகபூஷணம் கொடுத்த கடிதத்தோடு நைனா ஜன்னலில் நின்றார். குமாஸ்தா இண்டி பேரு கேட்டான். நைனா இல்லை என்றார். இல்லாமல் எழுதமாட்டேன் என்றான். பின்னால் வரிசை கத்தியது. நைனா கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். போதகருடைய வீட்டுப் பெயர் மேடிபள்ளி. அதையே சொல்லிவிட்டார். சபையார் எல்லோரும் போதகரின் பிள்ளைகள்தானே என்று பிறகு அம்மாவிடம் சமாதானம் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தெலுங்குக்காரர்களில் கட்டிக்கொடுத்தால்தான் பெண்ணுக்கு வீட்டுப் பெயர் மாறும், ஆஸ்பத்திரி ஜன்னலில் என் பெண்ணை அந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தீரா என்று ஒரு வாரம் பொரிந்தாள்.

மேடிபள்ளி ஜெயசீலி என்று கேட்டுப் பார். சீக்கிரம் போ.

யசோதாவிடம் நான் சொன்னதாகச் சொல், உன்னோடு பேசலாம் என்று.

அக்கா


திருச்சானூர்
18-3-1980

அன்புள்ள அக்கா,

கிடைத்துவிட்டது.

மார்ச் கணக்கு முடிக்க வேண்டும் என்று ஆபீசில் லீவு தரவில்லை. நேற்றுதான் போக முடிந்தது. கிருஷ்ணம்மா 'மே' எழுத்துக் கட்டை இறக்கி, மேலாக நாலு தள்ளினார், நீ வந்துவிட்டாய். மேடிபள்ளி ஜெயசீலி, இருபது வயது, கிறிஸ்தவர், குடல்வால். இருபது வருஷமாகப் போதகர் வீட்டுப் பெண்ணாகப் பத்திரமாக இருந்திருக்கிறாய்.

கேஸ் ஷீட்டை வெளியே கொடுக்க மாட்டார்களாம். பெரிய டாக்டரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். நோயாளி தன் காகிதத்தைத்தானே கேட்கிறார், உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார். மத்தியானம் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். எல்லாம் இங்கிலீஷ், அதுவும் கோழி கிளறின எழுத்து. புரிந்ததை எழுதினேன், புரியாததைப் படம் வரைகிற மாதிரி வரைந்தேன். கிருஷ்ணம்மா பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தினார். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் முதல் பக்கத்தில் சேர்த்துக்கொள்.

சுகிர்தாவின் டான்சிலை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். வரும் 27ந் தேதி வியாழக்கிழமை காலை, திருப்பதி ஆஸ்பத்திரியில். சின்ன விஷயம்தான், அரைமணி நேரத்து வேலை என்கிறார்கள். முடிந்ததும் ஐஸ்கிரீம் தருவார்கள் என்று யாரோ சொல்லிவிட, அவள் வியாழக்கிழமைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

எர்னஸ்ட்


சித்தூர், பஸ் ஸ்டாண்டு
25-3-1980, செவ்வாய்

அன்புள்ள எர்னஸ்ட்,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நானே கொண்டுவருகிறேன். உன் வீட்டு வாசலில் நின்றதும் எனக்குப் பேச்சு வருமோ வராதோ என்றுதான் எழுதிவைத்துக்கொள்கிறேன். நீ இல்லாவிட்டால் யசோதாவிடம் நீட்டிவிடுவேன்.

உன் காகிதம் நேற்று வந்தது. இன்று காலை டாக்டரிடம் காட்டினேன். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். அந்த மருந்தின் பெயர் ஸ்கோலின். தொண்டையில் குழாய் விடுவதற்காகத் தசைகளைத் தளர்த்துகிற ஊசி. மற்றவர்களுக்கு ஐந்து நிமிஷத்தில் தெளிந்துவிடும். சிலர் ரத்தத்தில் அதைக் கரைக்கிற சத்து இருக்காதாம். அவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு வராது. நான் அந்தச் சிலரில் ஒருத்தி. அது தெரிந்துவிட்டதால் வேறு மருந்து கொடுத்து மே மாதம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். நான் அழுதுவிட்டேன்.

பிறகு அவர் கடைசி வரியைக் காட்டினார். நீ படமாக வரைந்திருந்தாயே, அந்த வரி. டாக்டர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்கிற சுருக்கெழுத்து. கூடப் பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இதே குறை இருக்கலாம், மயக்கம் கொடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும் என்று அர்த்தமாம். நைனாவுக்கு யாராவது சொன்னார்களா தெரியாது. உங்க கூடப் பிறந்தவங்க யாருக்காவது ஆபரேஷன் இருக்கா என்று டாக்டர் கேட்டார். வியாழக்கிழமை என் தம்பி பெண்ணுக்கு என்றேன்.

சுகிர்தாவுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் ஆபத்தில்லை என்கிறார். தந்தி கொடுக்கத் தபாலாபீஸ் வரை போனேன். ஒரு வரித் தந்தியை எந்த டாக்டர் நம்புவார்? முத்திரை வைத்த காகிதத்தைக் கையில் கொடுக்க வேண்டும். இங்குள்ள டாக்டரும் திருப்பதி டாக்டருக்கு ஒரு கடிதம் தந்திருக்கிறார். பரீட்சை நேரத்தில் லீவா என்று தலைமையாசிரியை கேட்டார். ஆமாம் என்றேன்.

பாகாலா வழியாகப் போகிற திருப்பதி பஸ் வந்துவிட்டது.

அக்கா


திருச்சானூர்
2-4-1980

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து வீடு ஒரு மாதிரி இருக்கிறது. சுகிர்தா நன்றாக இருக்கிறாள். தயிர்சோறு தின்கிறாள். ஐஸ்கிரீமை இரண்டே வாயில் வெறுத்துவிட்டாள்.

நீ வந்தபோது நான் ரேணிகுண்டாவில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நடந்ததை யசோதா நாலு தடவை சொல்லிவிட்டாள். நீ மூச்சிரைக்கக் கடிதத்தை நீட்டியிருக்கிறாய். அவள் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அவள் வீட்டில் தமிழ்தான், ஆனால் படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்துத் தெரியாது என்று நான் உனக்கு எழுதியதே இல்லை. "எனக்குப் படிக்க வராதுங்க, நீங்களே சொல்லுங்க" என்றாளாம். நீ நின்ற இடத்திலேயே முழுக் கடிதத்தையும் சத்தமாகப் படித்தாயாம். 'நான் அழுதுவிட்டேன்' என்பதையும் விடாமல் படித்தாயாம். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

உனக்குத் தெரியாத ஒன்று. வியாழக்கிழமை உள்ளே கொண்டுபோகும் முன் மயக்கமருந்து டாக்டர் உன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் இந்த ஜெயசீலி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து சுகிர்தா, "எங்க அத்தை" என்றாள். உன்னைப் பார்த்து முழுசாக இரண்டு நாள்கூட ஆகவில்லை. டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார், வேறு மருந்து கொடுத்தார்.

எனக்கு நன்றி என்று எழுதத் தெரியவில்லை. மே மாதம் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். வேண்டாம் என்று எழுதாதே.

எர்னஸ்ட்


சித்தூர், ஆஸ்பத்திரி
9-5-1980

அன்புள்ள எர்னஸ்ட்,

எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கடிதம் எழுதுகிறேன். கொஞ்ச நாளைக்குப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையாட்டிக்கொண்டு படி.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது முதலில் காதில் விழுந்தது யசோதாவின் சத்தம். ஊசியோடு வந்த நர்ஸைக் கதவிலேயே நிறுத்தி, ஃபைலைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டி, "இது பாத்தீங்களா? இத்தப் படிச்சிட்டு அப்புறம் குத்துங்க" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். அது வெறும் வலி ஊசி. ஆனாலும் அந்தப் பெண் படித்துவிட்டுத்தான் குத்தினாள். நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். வந்தது. இன்னொரு தடவை இழுத்தேன். படுத்தபடி அதையே செய்துகொண்டிருந்தேன், யாருக்கும் தெரியாது.

நேற்று யசோதா ஃபைலில் ஒரு தாள் சேர்த்திருக்கிறாள், பார்த்தாயா? தெலுங்கில் எழுதியிருக்கிறாள். எனக்குக் கொஞ்சம் படிக்க வரும். என் பெயர், என் உபாதை, கொடுக்கக் கூடாத மருந்து, கீழே உன் பெயர், சுகிர்தா பெயர். சுகிர்தாவுக்கும் ஒரு ஃபைல் வாங்கச் சொல். ஓட்டையும் நாடாவும் நான் போட்டுத் தருகிறேன்.

இன்று வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்கு ஆட்டோ கொண்டுவரச் சொல்லி நான் எழுதிய சீட்டை யசோதா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். உடம்பு தேறும் வரை திருச்சானூரில்தான் இருக்க வேண்டுமாம். "வாணான்னு சொல்றதுக்கு உங்களுக்கு இப்போ கொரல் இல்ல" என்கிறாள்.

உண்மைதான், இல்லை. பையைத் தூக்கு, போகலாம்.

அக்கா